தண்டுவடக் கட்டிகள்: அறிகுறியும் அறுவையும்

காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரங்களில் முதுகுவலி அறியாத வீடு அரிது. பாலராமபுரத்துத் தறிக்குழியில் கால்களை இறக்கி நாள் முழுதும் குனிந்திருக்கும் நெசவாளருக்கும், தென்னை ஏறுபவருக்கும், விடியுமுன் ரப்பர்ப் பால் வெட்டப் புறப்படுகிறவருக்கும், திருவனந்தபுரம் பேருந்தில் நின்றபடியே சென்று திரும்பும் அலுவலருக்கும் அது வந்து போகும் விருந்தாளி. தைலம், வெந்நீர் ஒத்தடம், வர்ம ஆசானிடம் நாலைந்து நாள் தடவல், நாலு நாள் ஓய்வு. இவ்வளவில் பெரும்பாலோர்க்கு வலி அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கிவிடுவதனாலேயே, நூற்றுக்கணக்கான முதுகுவலிகளுக்கிடையே மறைந்து வரும் வேறொன்றை இனங்காண்பது கடினமாகிறது. தண்டுவடத்திலோ அதனை ஒட்டியோ வளரும் கட்டிதான் அந்த வேறொன்று.

இது அரிய நோய். மூளையும் தண்டுவடமும் சேர்ந்த நடு நரம்பு மண்டலத்தில் தோன்றும் கட்டிகளில், தண்டுவடத்தின் உள்ளேயே முளைப்பவை நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரைதான். அரியது என்பதால் அச்சம் கொள்ளத் தேவையில்லை. ஆனால், இவற்றுள் பெரும்பாலானவை புற்றுத் தன்மை அற்றவை அல்லது மிக மெதுவாக வளர்பவை. முழுமையாக அகற்றினால் பலர் பிழைப்பது மட்டுமின்றித் தம் வேலைக்கே திரும்பக் கூடியவை. அவ்வாறு திரும்ப முடியுமா என்பதைத் தீர்மானிப்பவற்றுள் முதன்மையானது, அறுவை மேசைக்குச் செல்லும் நாளில் நோயாளியின் கால்களில் எவ்வளவு வலு மிச்சம் இருக்கிறது என்பதே.

அதற்கான காரணத்தைத் தண்டுவடத்தின் அமைப்பிலேயே காணலாம். வளர்ந்த ஒருவரின் தண்டுவடம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டது. முதுகெலும்புகளின் நடுவே உள்ள குழாயில், நீர் நிரம்பிய உறைக்குள் அது தொங்குகிறது. பலர் நினைப்பது போல் அது இடுப்பின் அடிவரை செல்வதில்லை. இடுப்புப் பகுதியின் முதல் அல்லது இரண்டாம் எலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பவை குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்கள். மூளையிலிருந்து கைகால்களுக்குச் செல்லும் கட்டளைகளும், தோலிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குச் செல்லும் உணர்வுகளும், சிறுநீர் மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் இந்தச் சுண்டுவிரல் பருமனுக்குள்ளேயே நெருக்கியடித்துச் செல்கின்றன. மூளையில் ஓரளவு பெரிய கட்டி கூடச் சில இடங்களில் பல காலம் தெரியாமல் இருக்க இடமுண்டு. தண்டுவடத்தில் ஒரு நெல்லிக்காய்க்கும் இடமில்லை.

செருப்பு கழன்றது தெரியவில்லை

மருத்துவர்கள் இக்கட்டிகளை அவை இருக்கும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கின்றனர். உறைக்கு வெளியே, எலும்பில் இருந்து அழுத்துபவை முதல் வகை. உடலின் வேறு உறுப்பில் தோன்றிய புற்று எலும்புக்குப் பரவுவதே இவ்வகையில் மிகுதி. உறைக்கு உள்ளே ஆனால் தண்டுவடத்திற்கு வெளியே இருப்பவை இரண்டாம் வகை. நரம்பு உறையில் தோன்றும் ஷ்வானோமாவும், தண்டுவட உறையில் தோன்றும் மெனிஞ்சியோமாவும் இவ்வகையின. தண்டுவடத்தின் உள்ளேயே வளர்பவை மூன்றாம் வகை. பெரியவர்களில் எபென்டைமோமாவும் குழந்தைகளில் ஆஸ்ட்ரோசைட்டோமாவும் இதில் மிகுதி. இரத்த நாளங்களால் ஆன ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா அவற்றுக்கு அடுத்தது. இக்கட்டுரை பின்னைய இரு வகைகளையே, சிறப்பாக மூன்றாம் வகையையே கருதுகிறது.

முதல் அறிகுறி பெரும்பாலும் வலிதான். ஆனால் அதன் குணம் வேறு. தசைப்பிடிப்பாலோ வட்டு பிதுங்கியதாலோ வரும் வலி, படுத்தால் தணிவது வழக்கம். கட்டியால் வரும் வலி படுத்தபின் மிகுவதும், நள்ளிரவில் எழுப்பிவிடுவதும், எழுந்து உட்கார்ந்தால் சற்றுத் தணிவதும் உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் பட்டையாக மார்பைச் சுற்றி இறுக்குவது போல் சிலருக்கு வரும். நெஞ்சுவலி என்று இதயத்தையும், வயிற்றுவலி என்று பித்தப்பையையும் ஆராய்ந்துவிட்டு, கடைசியில் முதுகுக்கு வந்து சேர்ந்தவர்கள் உலகெங்கும் உளர்.

வலியைவிட நம்பகமான அறிகுறிகள் கால்களில் தோன்றுகின்றன. அவை வலியைப் போல உரத்துப் பேசுவதில்லை. நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று வழியில் கிடக்க, அது தெரியாமலேயே நாலடி நடந்துவிடுதல் அவற்றுள் ஒன்று. செருப்பு அணிந்து நடக்கும் நம் நாட்டில் நரம்பியல் மருத்துவர் தவறாமல் கேட்கும் கேள்வி இது. முகம் கழுவக் கண்ணை மூடும் நேரத்தில் தள்ளாடுதல் மற்றொன்று. கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்ற செய்தியைத் தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் மூளைக்குக் கொண்டு செல்கின்றன. அவை நசுங்கும்போது மனிதன் கண்ணை நம்பித்தான் நிற்கிறான், கண்ணை மூடினால் அந்த ஊன்றுகோலும் போய்விடுகிறது. இருட்டில் கிணற்றடிக்குப் போக அஞ்சுகிறார், வரப்பில் நடக்கும்போது சாய்கிறார் என்று வீட்டார் கவனித்துச் சொல்வதும் இதைத்தான்.

கட்டி தண்டுவடத்தின் நட்டநடுவில் இருந்தால் இன்னொரு விந்தை நேர்கிறது. வலியையும் சூட்டையும் உணர்த்தும் நரம்பிழைகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தண்டுவடத்தின் நடுவழியே கடக்கின்றன. அந்த இழைகள் முதலில் அறுபடுவதால், தொடுவது தெரியும்; சூடு தெரியாது. அடுப்பில் கைபட்டுக் கொப்புளம் எழுந்த பிறகே புண்பட்டதை அறிவார்கள். கழுத்துப் பகுதிக் கட்டிகளில் சட்டைப் பொத்தான் இடுவது, சோறு பிசைவது, கையொப்பம் இடுவது ஆகியவை தடுமாறும். இவற்றுடன் சிறுநீர் கழிக்கத் தாமதமாவதோ, அடக்க முடியாமற்போவதோ சேர்ந்துவிட்டால், அது நாட்களை எண்ண வேண்டிய நிலை அன்று. மணிகளை எண்ண வேண்டிய நிலை. குழந்தைகளில் முதுகெலும்பு வளைவதும், நன்றாக நடந்த குழந்தை மீண்டும் விழத் தொடங்குவதும், கழுத்து ஒரு புறம் சாய்வதும் முதல் அடையாளங்களாகலாம்.

இங்கே வர்ம வைத்தியம் பற்றிச் சில சொற்கள். குமரி மாவட்டமும் தென் திருவிதாங்கூரும் அம்மருத்துவத்தின் தாயகம். தசைப்பிடிப்புக்கும் சுளுக்குக்கும் அதில் பலன் கண்டவர்களின் அனுபவத்தை எள்ளி நகையாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. தேர்ந்த ஆசான்கள் எதனைத் தொடக் கூடாது என்பதையும் அறிந்தவர்களே. ஆயினும் கால் மரத்தல், தள்ளாடுதல், சிறுநீர்த் தடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், கழுத்தையோ முதுகையோ அழுத்தித் திருகும் எந்தச் சிகிச்சைக்கும் முன்பாக எம்.ஆர்.ஐ. படம் எடுத்துவிட வேண்டும். சாதாரண எக்ஸ்ரே போதாது; அதில் எலும்பு தெரியும், தண்டுவடம் தெரியாது. வலி இடுப்பில் இருந்தாலும் கட்டி மார்புப் பகுதியில் இருக்கலாம். இடுப்பை மட்டும் படம் எடுத்து, வட்டு சற்றுப் பிதுங்கியிருக்கிறது என்ற முடிவோடு திரும்பியவர்களுக்கு நேரும் தாமதம் இத்தகையதே. நடுவயதைத் தாண்டியவர்களுள் பலருக்கு எவ்விதத் தொல்லையுமின்றியே வட்டு பிதுங்கியிருக்கும். கால் விறைத்துத் தள்ளாடும் ஒருவருக்கு இடுப்பு வட்டு காரணமாக இருக்க முடியாது, ஏனெனில் அங்கே தண்டுவடமே இல்லை என்று மேலே கண்டோம். அந்நிலையில் முழு முதுகின் படமே வேண்டும்.

நம் நாட்டிற்கென்று இன்னொரு குழப்பமும் உண்டு. முதுகெலும்புக் காசநோய் இங்கே இன்னும் மிகுதி. அதுவும் முதுகுவலியும் கால் தளர்ச்சியும் தருகிறது. அது மருந்தால் குணமாகிறது. படத்தில் ஐயம் எழும்போது திசுவை எடுத்துப் பரிசோதித்து உறுதி செய்வதே முறை. ஊகத்தின் பேரில் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்துக் காத்திருப்பதும், கட்டியென்று முடிவுகட்டிக் கலங்கிப்போவதும் ஒரேயளவு தவறானவை.

1887 முதல்

தண்டுவடக் கட்டியை முதன்முதலில் வெற்றியாக அகற்றியவர் இலண்டன் நகரத்து விக்டர் ஹார்ஸ்லி. நோயாளி ஓர் இராணுவ அதிகாரி. மூன்று ஆண்டுகளாகத் தோள்பட்டைக்குக் கீழே தீராத வலி; நரம்புத் தளர்ச்சி என்றும் பிறவென்றும் பலரும் பல காரணம் கூறினர். இறுதியில் இரு கால்களும் செயலிழந்தன. நரம்பியல் அறிஞர் வில்லியம் கௌவர்ஸ், எம்.ஆர்.ஐ.யும் இல்லை, எக்ஸ்ரேயும் கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில், தோலில் எந்த இடம்வரை உணர்வு இருக்கிறது, எங்கே மறைகிறது என்பதை வைத்தே கட்டியின் இடத்தைக் கணித்தார். 1887 ஜூன் 9 அன்று அறுவை நடந்தது. எலும்பைத் திறந்து பார்த்தால் எதிர்பார்த்த இடத்தில் ஒன்றுமில்லை. ஹார்ஸ்லி இன்னும் மேலே திறந்தார். அங்கே, தண்டுவடத்தை நசுக்கியபடி, வாதுமைக் கொட்டை வடிவில் கட்டி இருந்தது. அந்த அதிகாரி மீண்டும் நடந்தார். ஓராண்டு கழித்து முழுநாள் வேலை பார்த்தார். அவருக்கு வந்தது தண்டுவடத்திற்கு வெளியே இருந்த கட்டி என்பதையும், மெதுவாக வளர்ந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

தண்டுவடத்தின் உள்ளே இருப்பதைத் தொடுவதற்கு இன்னும் இருபது ஆண்டு பிடித்தது. 1907இல் வியன்னா நகரில் அன்டன் வான் ஐசல்ஸ்பெர்க் அதைச் செய்தார். 1911இல் நியூயார்க்கின் சார்லஸ் எல்ஸ்பெர்க் ஒரு வித்தியாசமான வழியை வெளியிட்டார். தண்டுவடத்தை நடுவே கீறிவிட்டுக் கட்டியைத் தொடாமலேயே மூடிவிடுவது. உள்ளழுத்தத்தால் கட்டி தானே மெல்ல மெல்ல வெளியே பிதுங்கும். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் திறந்து அதை எடுப்பது. உள்ளே கையை நுழைப்பதைவிட இயற்கையே தள்ளிக் கொடுக்கட்டும் என்ற அந்தப் பொறுமையை இன்றைய அறுவை நிபுணர்களும் வியக்கின்றனர். நுண்ணோக்கியும், சுற்றிலும் உள்ள திசுவைச் சுடாமல் இரத்தக் கசிவை மட்டும் அடைக்கும் இருமுனை மின்கருவியும் வந்த பின்னரே ஒரே அமர்வில் முழுக் கட்டியையும் எடுப்பது இயல்பானது.

இந்தியாவில் இத்துறையைத் தொடங்கியவர் கோட்டயத்தைச் சேர்ந்த ஜேக்கப் சாண்டி. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பயின்று வந்து, 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி பணி தொடங்கினார். ஆக, இக்கலையின் இந்திய வரலாறு பெரிதும் தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டது.

தென்கோடி எல்லைப்புற மக்களுக்கு வாய்த்தது திருவனந்தபுரம். 1973இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் கேரள மக்களுக்கென வழங்கிய பன்மாடிக் கட்டடத்தில் 1976 முதல் மருத்துவப் பணி தொடங்கிற்று. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் கொண்டது. இதயத்திற்கும் நரம்பு மண்டலத்திற்கும் என்றே அமைந்த மருத்துவமனை அது. காஞ்சிரங்குளத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ளது. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வரையப்பட்டு, தெற்கே உள்ள வட்டங்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. நோயாளிகளின் பாதை மட்டும் மாறவே இல்லை. களியக்காவிளை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக இன்றும் தமிழ் பேசும் நோயாளிகள் அங்கே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதே நகரில் அரசு மருத்துவக் கல்லூரியும், 1981இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமும் இருப்பதால், அறுவையும் கதிர்வீச்சும் ஒரே ஊரில் முடியும் வசதியும் இவ்வட்டாரத்தார்க்கு உண்டு.

அறுவை அரங்கில்

நோயாளி குப்புறப் படுக்க வைக்கப்படுகிறார். முதல் வேலை எண்ணுவது. முதுகெலும்புகள் ஒன்றுபோல இருப்பவை. எத்தனையாவது எலும்பு என்பதைக் கதிர்ப்படத்தில் எண்ணி உறுதி செய்த பின்னரே கத்தி இறங்குகிறது. ஹார்ஸ்லிக்கு நேர்ந்தது இன்று நேராமலிருப்பதற்கு இந்த எண்ணிக்கையே காரணம். எலும்பின் பின்புறக் கூரையை அகற்றி, உறையைத் திறந்ததும், நுண்ணோக்கி வருகிறது.

வெளியே இருக்கும் ஷ்வானோமா, மெனிஞ்சியோமா போன்றவற்றைத் தண்டுவடத்திலிருந்து பிரித்து எடுப்பது ஒப்பளவில் எளிது. உள்ளே இருப்பதை அடைய ஒரே பாதைதான் பெரும்பாலும் உண்டு: தண்டுவடத்தின் பின்புறம், வலது இடது பாதிகள் சந்திக்கும் நடுக்கோடு. கட்டி வீங்கி முறுக்கியிருப்பதால் அந்தக் கோடு நடுவில் இருக்காது. நுண்ணிய இரத்த நாளங்களைத் துணையாகக் கொண்டு அதைத் தேட வேண்டும். அக்கோட்டில் இழைகளை அறுக்காமல் விலக்கி உள்ளே செல்கின்றனர். விலக்கினாலும் அங்கே செல்லும் நிலையுணர்வு இழைகள் ஓரளவு பாதிக்கப்படவே செய்யும். அறுவைக்குப் பின் கால்களில் மரமரப்பும் நடையில் தடுமாற்றமும் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது இதனால்தான். அது தவறால் நேர்ந்ததன்று, கொடுத்த விலை. இதை முன்கூட்டியே சொல்லும் மருத்துவரை நம்பலாம்.

எபென்டைமோமாவுக்கும் தண்டுவடத்திற்கும் இடையே பெரும்பாலும் ஒரு தெளிவான எல்லை இருக்கும். பலாச்சுளையைச் சடையிலிருந்து பிரிப்பது போல் பிரிக்கலாம். அதனால் முழுமையாக எடுப்பதே குறிக்கோள். ஆஸ்ட்ரோசைட்டோமாவில் அந்த எல்லை இல்லை. நல்ல திசுவோடு பின்னிப் போயிருக்கும். எங்கே நிறுத்துவது என்பதை அறிவதுதான் அங்கே திறமை. மீயொலி அதிர்வால் கட்டியைக் கரைத்து உறிஞ்சும் கருவி இப்பணியை எளிதாக்கியிருக்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதை இப்போது கண் மட்டும் தீர்மானிப்பதில்லை. தலையில் சிறு மின்தூண்டல் கொடுத்து, அது கால் தசையை அடைகிறதா என்று அறுவை முழுதும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்டுவடத்தின் மேலேயே ஒரு மின்வாயை வைத்து, கட்டளை இழைகளின் வழியே இறங்கும் அலையின் உயரத்தை அளப்பது மற்றொரு முறை; அதற்கு டி-அலை என்று பெயர். கால் தசையின் சைகை மறைந்தாலும் டி-அலை நிலைத்திருந்தால், விழிக்கும்போது கால் தளர்ந்திருக்கும், ஆனால் வாரங்களிலோ மாதங்களிலோ அது திரும்பும். டி-அலை பாதிக்குக் கீழே விழத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். கட்டியைச் சற்று மிச்சம் வைப்பதா, காலை இழப்பதா என்ற கேள்விக்கு முன்பெல்லாம் ஊகத்தால் விடை சொன்னார்கள். இன்று திரையில் ஓர் எண் இருக்கிறது. இவ்வசதி தம் மருத்துவமனையில் உண்டா என்று நோயாளியின் குடும்பம் தயங்காமல் கேட்கலாம். ஆண்டுக்கு எத்தனை தண்டுவட உட்கட்டிகளை அங்கே அறுவை செய்கிறார்கள் என்பதும் கேட்கத் தக்கதே. அரிய நோய்க்கு அருகிலுள்ள மருத்துவமனையைவிடப் பழகிய கைகளே முக்கியம்.

1990இல் மெக்கார்மிக் என்னும் அமெரிக்க அறுவை நிபுணர், நோயாளியின் நிலையை நான்கு படிகளாக வகுத்தார். நன்றாக நடப்பவர் முதற்படி. கால் தளர்ந்தாலும் துணையின்றி நடப்பவர் இரண்டாம் படி. கோலோ துணையோ வேண்டுபவர் மூன்றாம் படி. நடக்க முடியாதவர் நான்காம் படி. உலகெங்கும் பின்னர் வெளிவந்த ஆய்வுகள் ஒரே போக்கையே காட்டுகின்றன: அறுவைக்குப் பின் பெரும்பாலானோர் முன்பிருந்த படியிலேயே நிலைக்கின்றனர். சிலர் ஏறுகின்றனர், சிலர் இறங்குகின்றனர். முதற்படியில் அறுவைக்குச் சென்றவர் முதற்படியில் வாழ்வதும், நான்காம் படியில் சென்றவர் பெரும்பாலும் அங்கேயே தங்குவதும் இயல்பு. நடக்க முடிகிறதே, ஏன் இப்போதே அறுவை என்று கேட்கும் குடும்பத்தாருக்கு மருத்துவர் தரும் விடை இதுதான்: நடக்க முடிவதனால்தான் இப்போதே.

இரத்த நாளக் கட்டியும் ஒரு மரபணுவும்

ஹீமாஞ்சியோபிளாஸ்டோமாவுக்குத் தனி முறை உண்டு. அது இரத்த நாளங்களின் திரள் என்பதால் துண்டு துண்டாக எடுக்கக் கூடாது, எடுத்தால் பெருக்கெடுக்கும். உள்ளே இரத்தம் கொண்டுவரும் தமனிகளை முதலில் ஒவ்வொன்றாக அடைத்து, வெளியே கொண்டுசெல்லும் சிரையைக் கடைசிவரை விட்டுவைத்து, முழுக் கட்டியையும் ஒன்றாகப் பெயர்க்க வேண்டும். வரிசை மாறி, வாய்க்காலை அடைத்துவிட்டு மடையைத் திறந்துவைத்தால் என்ன ஆகும் என்பது உழவர்க்குத் தெரியும்.

இக்கட்டி உள்ளவர்களுள் ஒரு பகுதியினருக்கு வான் ஹிப்பல்-லிண்டாவ் என்னும் பரம்பரை நோய் இருக்கும். மூன்றாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதுபடுவதே அதன் காரணம். பெற்றோரில் ஒருவருக்கு அப்பழுது இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வந்து சேரும் வாய்ப்பு சரிபாதி. அம்மரபணுவின் பணி, உயிரணுவில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது, பற்றாக்குறைக் காலத்துக்கான ஏற்பாடுகளை நிறுத்திவைப்பது. அது பழுதானால், ஆக்சிஜன் நிறைய இருந்தும், இல்லை என்றே உயிரணு நினைத்துக்கொண்டு புதிய இரத்த நாளங்களைக் கட்டிக்கொண்டே போகிறது. இந்த ஆக்சிஜன் உணர்வின் இரகசியத்தைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அறிவிலிருந்து பிறந்த பெல்சூடிஃபான் என்னும் மாத்திரையை, உடனடி அறுவை தேவைப்படாத வான் ஹிப்பல்-லிண்டாவ் நோயாளிகளுக்காக 2021 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றது. தண்டுவடக் கட்டிக்குக் கத்தியின்றி ஒரு மாத்திரை என்பது எல்ஸ்பெர்க் காலத்தில் கனவிலும் இல்லாதது. இரத்தச் சோகை அதன் முக்கியப் பக்கவிளைவு. கருவுற்ற பெண்களுக்கு அது ஆகாது. இளவயதில் இக்கட்டி வந்தவர்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட கட்டி உள்ளவர்களுக்கும் கண், சிறுநீரகம், கணையம் ஆகியவற்றையும் சோதிப்பதும், மரபணுப் பரிசோதனை பற்றிக் கேட்பதும் தேவை. உடன்பிறந்தோரின் நலனும் அதில் அடங்கியிருக்கிறது.

கதிர்வீச்சு எல்லோர்க்கும் வேண்டியதில்லை. முழுமையாக அகற்றப்பட்ட சாதாரண எபென்டைமோமாவுக்குப் பெரும்பாலும் அது தரப்படுவதில்லை. கட்டி மிச்சம் இருந்தாலோ, வீரியம் மிக்கதாக இருந்தாலோ தருவார்கள். நாளொன்றுக்கு 1.8 கிரே வீதம், வாரத்திற்கு 5 நாள், 28 அமர்வுகளில் 50.4 கிரே என்பது வழக்கமான ஓர் அளவு. தண்டுவடமே தாங்கக் கூடிய எல்லைக்கு அருகில் அது நிற்பதால்தான் இப்படிச் சிறுகச் சிறுகத் தருகின்றனர். சுற்றியுள்ள உறுப்புகளுக்குக் கதிர் குறைவாகச் செல்லும் புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையில் கிடைக்கிறது. வளரும் குழந்தைகளுக்கே அதன் பயன் மிகுதி. கீமோதெரபியின் பங்கு இக்கட்டிகளில் சிறிது.

வீடு திரும்பிய பின்

அறுவைக்கு அடுத்த வாரம் பலரையும் கலங்கச் செய்யும். நடந்து சென்றவர் நடக்க முடியாமல் விழிப்பதுண்டு. பெரும்பாலும் அது தற்காலிகம். மீட்சி மாதக்கணக்கில் நடக்கும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீளும். அந்நாட்களில் பிசியோதெரபிதான் மருந்து. உணர்வற்ற உடலில் படுக்கைப் புண் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறையைச் செவிலியரிடம் கற்றுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செலவைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது; கேரளத்தில் அது காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தோடும், தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடும் இணைந்து நடைபெறுகிறது. எல்லையோரக் குடும்பங்கள், தம் அட்டை எந்த மாநிலத்தது, செல்ல விரும்பும் மருத்துவமனை அதை ஏற்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் கேட்டுக்கொள்வது நல்லது. தனியார் காப்பீடு வைத்திருப்போர்க்கு: முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024இல் அதிகபட்சம் 3 ஆண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. மருத்துவமனைக் கட்டணத்தைவிடப் பல வீடுகளை முடக்குவது வேறு: சம்பாதித்தவர் படுக்கையில், பார்த்துக்கொள்பவரும் வேலைக்குப் போக முடியாத நிலை.

கழுத்துப் பகுதிக் கட்டியால் கை தளர்ந்தவர்கள் வங்கியில் எதிர்கொள்ளும் இடர் ஒன்று. கையொப்பம் மாறிவிடுகிறது, காசோலை திரும்புகிறது. கையொப்பமிட இயலாத நோயாளி, கைப் பெருவிரல் ரேகையோ, அதுவும் இயலாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ பதித்துத் தம் பணத்தை எடுக்கலாம் என்று இந்திய ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் கூறுகிறது. வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் அதனை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் பதிக்க முடியாதவர்கள் ஒரு குறி இட்டாலும் அதே முறையில் ஏற்கப்படும். கிளைக்கு வர இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கும் 70 வயது கடந்தவர்களுக்கும் வீட்டிலேயே சேவை தரும் ஏற்பாடும் உண்டு. அறுவைக்கு நாள் குறித்தவுடன், கை இயங்கும்போதே, கணக்கைக் கூட்டுக் கணக்காக மாற்றுவதும் நியமனதாரரைப் பதிவதும் இன்னும் எளிய வழி.

மெதுவாக வளரும் கட்டி மெதுவாகவே திரும்பவும் வரும். ஆகவே முதல் ஆண்டில் சில முறையும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும், பத்து ஆண்டுகளுக்கு மேலும் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பது வழக்கம். புதிய படத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. அறுவைக்கு முன் எடுத்த படத்தின் குறுந்தகட்டையும், திசுப் பரிசோதனை அறிக்கையையும், வெளியேற்றச் சுருக்கத்தையும் நிலப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாம்.